நோன்பும் தொழுகையும் அவதானக் குளிசையும்: யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு கேள்வி

சோனகத்தெருப் பிள்ளை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகைத்துடிப்பு நோய்) இருக்கிறது என்று அண்மையில் மனநல வைத்தியர் சொன்னார். மெதைல்பெனிடேட் என்ற குளிசை தந்திருக்கிறார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு வவுச்சரைக் கையில் எடுத்தால் அதை முடிக்கும் முன்பே இன்னொன்றுக்குப் போய்விடுவேன். பின்னேரம் பார்த்தால் மேசை முழுக்கப் பாதி எழுதிய தாள்கள் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு தவணையும் "கெட்டிக்காரி, ஆனால் கவனமில்லை" என்றுதான் எழுதினார்கள். வீட்டில் சோம்பேறி என்றார்கள்.

வேலையை விட எனக்கு வலித்தது தொழுகைதான். இஷா என்ற இரவுத் தொழுகைக்குத் தக்பீர் கட்டித் தொடங்குவேன். குர்ஆனின் முதல் சூராவான ஃபாத்திஹா பாதிக்கு வரும்போது மனம் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தங்கச்சியின் ரியூசன் காசுக்குப் போய், அப்புறம் எங்கெங்கோ போயிருக்கும். வாய் மட்டும் ஓதிக்கொண்டிருக்கும். ருகூஉவில் குனிந்து நிமிரும்போது இது தொழுகையின் இரண்டாவது ரக்அத்தா (சுற்றா) மூன்றாவதா என்று தெரியாது. சஜ்தா ஸஹ்வு (மறதிக்காகச் செய்யும் இரண்டு சஜ்தா) இல்லாமல் இஷா முடிகிற நாள் குறைவு. சிலருக்குத் தொழுகையில் பத்தில் ஒரு பங்குதான் எழுதப்படும் என்ற ஹதீஸைப் பயானில் (மார்க்கப் பிரசங்கத்தில்) கேட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

குளிசை தொடங்கிய பிறகு ஒரு நாள் லுஹர் (மத்தியானத் தொழுகை) தொழுதேன். நான் ஓதியது எனக்கே கேட்டது. நாலு ரக்அத்தும் எண்ணிக்கை தப்பவில்லை. சலாம் கொடுத்துவிட்டு அழுதேன். அடுத்த நிமிடமே ஒரு பயம் வந்தது. இந்த மன ஓர்மை எனக்கு வந்ததா, குளிசைக்கு வந்ததா? மறுமையில் இது என்னுடைய தொழுகையாக எழுதப்படுமா?

உம்மா "ஈமான் (இறைநம்பிக்கை) பலமாக இருந்தால் மனம் ஏன் அலையப்போகுது" என்கிறார். வாப்பா குளிசைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டு, கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதைப் பார்த்துப் பயந்துபோனார். இப்போது யாழ்ப்பாணத்தில் ஐஸ் போதைப்பொருள் என்று ஒவ்வொரு ஒழுங்கையிலும் பேச்சு அடிபடுகிறது. அவர் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ரமழானும் வருகிறது. மத்தியானக் குளிசையை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


நாவாந்துறை நானா எழுதியது:

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்கள் காலத்தில் இந்தப் பெயரெல்லாம் இல்லை. துடினமான பிள்ளை, மறதிக்காரப் பிள்ளை என்பார்கள், வளர்ந்ததும் சரியாகிவிடும். இப்போது இரவு ஒரு மணி வரை போன், சுபஹுக்குக் கண் எரிய எழும்புவது, பிறகு மனம் ஓடுகிறது என்றால் ஓடத்தானே செய்யும்? முதலில் தூக்கத்தைச் சரிப்படுத்துங்கள், காலை மாலை திக்ர்களை (இறைவனை நினைத்து ஓதுவதை) விடாதீர்கள், கண்ணூறு பட்டிருந்தால் ஓதிப் பாருங்கள். எதற்கும் முடியாவிட்டால் மருந்து. முதல் நாளே குளிசை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.


புத்தளத்து ராத்தா எழுதியது:

நானா, உங்கள் அக்கறை விளங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளை முதல் நாளே குளிசைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். திரும்ப வாசித்துப் பாருங்கள்.

என் மகனுக்கு இதே நோய். நாங்கள் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட குடும்பம். இரண்டு மணித்தியாலம்தான் தந்தார்கள். உடுத்த உடுப்போடு நடந்தோம். நான் அப்போது சின்னப் பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தோம். என் தம்பி ஒருவன் வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டான், கொப்பியைத் தொலைப்பான், அடி வாங்குவான். "அகதிப் பிள்ளை, இடம்பெயர்ந்த அதிர்ச்சி" என்று எல்லோரும் சொல்லி முடித்துவிட்டார்கள். அதிர்ச்சியும் இருந்திருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்களோடு நடந்து வந்த மற்றப் பிள்ளைகள் மெல்ல மெல்லப் படிப்புக்குத் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு நின்றான். அவனை யாரும் ஒரு வைத்தியரிடம் காட்டவில்லை. காட்டலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

பிறகு என் மகன் பிறந்தான். அவனைப் பார்க்கப் பார்க்கத் தம்பியையே பார்த்த மாதிரி. ஹஸ்ரத் ஓதித் தந்த தண்ணீரையும் கொடுத்தேன், கிளினிக்குக்கும் கொண்டுபோனேன். இரண்டும் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கவில்லை. ஓதியது எனக்கு ஆறுதல், மருந்து அவனுக்கு உதவி. இப்போது குர்ஆன் மத்ரஸாவில் முழுப் பாடமும் இருக்கிறான். உஸ்தாதுதான் முதலில் கவனித்து, "மகனுக்கு என்ன செய்தீர்கள்" என்று கேட்டார்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அவனுடைய குளிசைக்கு நாங்கள் ஏறாத பார்மசி இல்லை. அந்த நாட்களில் அவன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் "எதற்கு மருந்து" என்று பிறகு கேட்கவில்லை.


மௌலவி வடபுலம் எழுதியது:

வஅலைக்கும் ஸலாம் வரஹ்மதுல்லாஹ். சகோதரியின் கேள்வியில் மூன்று விசயங்கள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். மருந்தின் விபரம் வைத்தியர்களின் துறை, அதற்குள் நான் போகமாட்டேன்.

மருந்து எடுப்பது ஈமானின் குறைவா? கிராமப்புற அரபிகள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து "நாங்கள் மருந்து செய்யலாமா?" என்று கேட்டார்கள். "மருந்து செய்யுங்கள், முதுமையைத் தவிர வேறு எந்த நோயையும் அல்லாஹ் நிவாரணி இல்லாமல் வைக்கவில்லை" என்ற பொருளில் பதில் வந்தது. அபூதாவூத், திர்மிதி என்ற ஹதீஸ் தொகுப்புகளில் இருக்கிறது. உடம்பின் நோய், மனதின் நோய் என்று அதில் பிரிக்கவில்லை. கி.பி. 934இல் மரணித்த அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர், உடல் நோயுறுவது போல உள்ளமும் நோயுறும், இரண்டுக்கும் மருத்துவம் வேண்டும் என்று விரிவாகவே எழுதிவைத்தார். ஆகவே இது வெளியிலிருந்து நமக்குள் வந்த புதுச் சிந்தனை இல்லை.

இது போதைப்பொருளா? "போதை தரும் ஒவ்வொன்றும் ஹராம்" என்பது ஸஹீஹான (உறுதியான) ஹதீஸ். நமது உலமாக்கள் பார்ப்பது அந்தப் பொருள் அறிவை மறைக்கிறதா என்பதை. வைத்தியர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுத்து, அதனால் அறிவு தெளிகிறதே தவிர மறையவில்லை என்றால் அது போதை என்ற சட்டத்துக்குள் வராது. அதே குளிசையை ஒருவர் கிறக்கத்துக்காக அளவு மீறி எடுத்தால் அவருக்கு அது ஹராம்.

நோன்பைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் இந்த மருந்து எத்தனை மணித்தியாலம் வேலை செய்யும் என்று யாராவது வைத்தியர் சொன்னால் நல்லது.


சோனகத்தெருப் பிள்ளை எழுதியது:

ஜஸாக்கல்லாஹு ஹைரன் மௌலவி. ராத்தா, உங்கள் தம்பியைப் பற்றி வாசித்ததும் நெஞ்சு கனத்துப்போனது.

மௌலவி, என் பெரிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மருந்து எடுப்பது ஹலால் என்பது விளங்குகிறது. ஆனால் தொழுகையில் மனம் ஒருமுகப்படுவது நான் போராடிப் பெற வேண்டியது அல்லவா? அதைக் குளிசை தந்தால் எனக்கு அதில் என்ன பங்கு?


மௌலவி வடபுலம் எழுதியது:

நல்ல கேள்வி. இதைப் பலர் மனதுக்குள் வைத்துக்கொண்டு கேட்காமலே இருக்கிறார்கள்.

சாப்பாடு தயாராக இருக்கும்போதும், மலசலம் அடக்கிக்கொண்டும் தொழக்கூடாது என்று ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஹதீஸ் வருகிறது. ஏன்? மனம் அங்கே போய்விடும். ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இன்னொரு ஹதீஸில், தொழும்போது தூக்கம் சொக்கினால் போய்த் தூங்கிவிட்டு வரும்படி சொல்லப்படுகிறது. பாவமன்னிப்புக் கேட்கப்போய் தன்னையே ஏசிக்கொள்ளவும் கூடும் என்பது காரணம். இந்த இடங்களில் "இன்னும் ஈமானைக் கூட்டு" என்று நபியவர்கள் சொல்லவில்லை. சாப்பிடு, போய்விட்டு வா, தூங்கு என்றார்கள். உடம்பில் இருக்கும் தடையை உடம்பின் வழியாகவே அகற்றச் சொன்னார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து உள்ளச்சத்தோடு தொழுதவரிடம், அந்த உள்ளச்சம் சோற்றுக்குச் சொந்தம் என்று எந்த இமாமும் சொன்னதில்லை.

கோப்பியின் வரலாறும் இதற்குப் பொருந்தும். 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ருக்குக் கண் விழித்திருக்கக் கோப்பி குடித்தார்கள். 1511இல் மக்காவின் அதிகாரி கைர் பேக் உலமாக்களையும் வைத்தியர்களையும் கூட்டிக் கோப்பியைத் தடைசெய்தார். அதை மதுவோடு சேர்த்துப் பேசியவர்களும் இருந்தார்கள். கெய்ரோவிலிருந்த மேலிடம் அந்தத் தடையை ஏற்கவில்லை, அது நிலைக்கவும் இல்லை. இன்றைக்கு தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகைக்கு எழும்பி ஒரு பிளேன் டீ குடித்துவிட்டுத் தொழுகிறவரைப் பார்த்து, உங்கள் தொழுகை தேயிலையின் தொழுகை என்று யார் சொல்வார்? (குளிசையும் தேநீரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. குளிசைக்கு வைத்தியரின் கட்டுப்பாடு வேண்டும்.)

மருந்து உங்களை முஸல்லாவில் (தொழுகை விரிப்பில்) கொண்டுவந்து நிறுத்தவில்லை. வுளூ எடுத்தது, கிப்லாவை நோக்கியது, நிய்யத் வைத்தது எல்லாம் நீங்கள். மருந்து இறங்கிய பிறகும் கவனத்தை எங்கே வைப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அதே தெளிவோடு ஒருவர் மணிக்கணக்கில் போனில் வீடியோவும் பார்க்கலாம்.

மருந்து இல்லாத அந்த நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குர்ஆனைத் திக்கித் திக்கிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்பது புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உள்ள ஹதீஸ். எண்ணிக்கை தப்பினால் உறுதியான குறைந்த எண்ணிக்கையை வைத்துத் தொழுது, சலாமுக்கு முன் இரண்டு சஜ்தா செய்வது நமது ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பிரிவின்) சட்டம். அந்தச் சட்டம் இருப்பதே மனிதன் மறப்பான் என்பதற்காக. நீங்கள் மறந்தீர்கள், சஜ்தா செய்தீர்கள், தொழுகையை விடவில்லை. அந்தத் தொழுகைகளைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.


கொக்குவில் டொக்டர் எழுதியது:

வணக்கம். மனநலப் பிரிவில் வேலை செய்கிறேன். நோன்பு காலத்தில் முஸ்லிம் நோயாளர்கள் கேட்பதும், பலர் கேட்காமலே குளிசையை நிறுத்திவிடுவதும் எனக்குத் தெரியும். ஆகவே இந்த இழையைப் பார்த்தது சந்தோசம். பொதுவான தகவல் மட்டும் தருகிறேன். தங்கச்சி, உங்கள் அளவை மாற்றுவது உங்கள் வைத்தியரின் வேலை.

முதலில் வாப்பாவின் பயம். அது அடிப்படையில்லாத பயம் இல்லை. மெதைல்பெனிடேட் மூளையில் டோபமின், நோரட்ரினலின் என்ற செய்தி கடத்தும் இரண்டு இரசாயனங்களும் திரும்ப உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. அதனால் கவனத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிகளில் அவை கொஞ்சம் கூடுதலாக நிற்கின்றன. ஐஸ் என்பது மெத்தாம்பெற்றமின். அதைப் புகைக்கும்போது சில விநாடிகளில் மூளைக்குப் போய் டோபமினை வெள்ளமாகக் கொட்ட வைக்கிறது. அளவும், போகும் வேகமும், போகும் வழியும் வேறு. வாயால் விழுங்கும் சிறிய அளவு குளிசை மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். ஆனாலும் தவறாகப் பயன்படுத்த முடியும் என்பதால்தான் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உளமருந்துச் சாசனம் இதை இரண்டாம் பட்டியலில் வைத்திருக்கிறது. கட்டுப்பாடு என்பதை "ஆபத்தான சாமான்" என்று வாசிக்காமல், வைத்தியரின் கண்காணிப்பில் மட்டும் என்று வாசிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக்குக்கு வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். பத்து நிமிடப் பேச்சில் பல பேருடைய பயம் இறங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

நாவாந்துறை அண்ணன் தூக்கத்தைப் பற்றிச் சொன்னது சரியான விசயம். தூக்கக் குறைவு, தைரொயிட், இரத்தச்சோகை, மனச்சோர்வு, போர் அனுபவத்தின் காயம் எல்லாமே கவனத்தைக் குலைக்கும். அதனால்தான் நாங்கள் சின்ன வயதுக் கதையைத் துருவித் துருவிக் கேட்கிறோம். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும், அவை வீடு, பள்ளிக்கூடம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிந்திருக்க வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பங்களில் பழைய தவணை அறிக்கை ஒன்றும் மிஞ்சியிருக்காது. அப்போது உம்மா, மூத்த சகோதரங்கள், பழைய ஆசிரியர் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். பெண் பிள்ளைகள் துள்ளித் திரியாமல் அமைதியாகக் கனவு கண்டுகொண்டிருப்பதால் வகுப்பில் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறார்கள். இந்த இழையைத் தொடங்கியவரைப் போல வேலைக்குப் போன பிறகுதான் பலர் வருகிறார்கள்.

இனி நேரம். சாதாரணக் குளிசை விழுங்கி அரை மணி, முக்கால் மணியில் வேலை தொடங்கும், 3 அல்லது 4 மணித்தியாலம் நிற்கும். மெதுவாகக் கரையும் வகைகள் 8 முதல் 12 மணித்தியாலம் வரை நிற்கும். அவை எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் நோன்பு 13 மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. சாதாரணக் குளிசையைச் சஹர் (விடியலுக்கு முந்திய நோன்புச் சாப்பாடு) முடிவில் எடுத்தால் அலுவலகம் தொடங்கும் நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். இதற்காக இரண்டு நேரக் குளிசையையும் சஹருக்கு ஒன்றாக விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், வெறும் வயிறும் தண்ணீர் இல்லாத உடம்பும் சேர்ந்தால் தலையிடி நிச்சயம். விடுபட்ட மத்தியானக் குளிசையை இஃப்தாருக்குப் பிறகு எடுப்பதும் நல்லதல்ல. தராவீஹ் என்ற ரமழான் இரவுத் தொழுகை முடிந்து படுக்கப் போனால் தூக்கம் வராது, சஹருக்கு எழும்பவும் முடியாது.

வைத்தியர் செய்யக்கூடியவை: நீண்ட நேர வகைக்கு மாற்றுவது, நேரத்தை மாற்றுவது, சிலருக்கு அந்த மாதம் மட்டும் இடைவெளி கொடுப்பது, அல்லது அட்டொமொக்செட்டின் போன்ற வேறு வகை. கடைசியாகச் சொன்னது நாளாந்தம் எடுக்க வேண்டியது, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆகவே நோன்புக்கு முதல் நாள் வந்து கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஒன்றரை இரண்டு மாதம் முன்பே வாருங்கள்.

இன்னொன்று, குளிசை பசியை அடக்கும். சஹரில் முதலில் சாப்பிட்டு, தண்ணீர் நன்றாகக் குடித்து, கடைசியாகக் குளிசை. மாற்றிச் செய்தால் சாப்பாடு இறங்காது.


மருந்தகத்தான் எழுதியது:

பார்மசியில் வேலை. மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் பற்றி முஸ்லிம் வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் எழுதுகிறேன். மெதைல்பெனிடேட் சாதாரணமாக அழுத்திச் செய்த குளிசை. அட்டொமொக்செட்டின் கூட்டுக்குள் (கப்சூல்) வருவது, அந்தக் கூடு பெரும்பாலும் ஜெலட்டின். ஜெலட்டின் மாட்டிலிருந்தா வேறெதிலிருந்தா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். குளிசையிலும் சில கம்பனிகள் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் சேர்மானம் எழுதியிருக்கும், எங்களிடம் கேட்டால் பார்த்துச் சொல்வோம். கூட்டை உடைத்துத் தூளை மட்டும் எடுக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அட்டொமொக்செட்டினில் அது கூடாது, தூள் கண்ணில் பட்டால் எரியும். நீண்ட நேர வகைகளையும் கேட்காமல் உடைக்கவோ அரைக்கவோ வேண்டாம்.


மௌலவி வடபுலம் எழுதியது:

டொக்டருக்கும் மருந்தகத்துத் தம்பிக்கும் நன்றி.

ஜெலட்டின்: பொருள் முற்றாக உருமாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்பது ஒரு தரப்பு. 1995இல் குவைத்தில் கூடிய மருத்துவ ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) கருத்தரங்கு அப்படித்தான் முடிவு செய்தது. எல்லா உலமாக்களும் அதை ஏற்கவில்லை. ஆகவே ஹலாலான மாற்று கிடைத்தால் அதை எடுங்கள். வேறு மருந்தே இல்லை, தேவை உறுதி என்றால் அது நிர்ப்பந்தத்தின் சட்டத்தில் வரும். மருந்தை நிறுத்திவிட்டு வந்து என்னிடம் கேட்காதீர்கள், நிறுத்த முன் கேளுங்கள்.

நோன்பு: வாயால் விழுங்கும் குளிசை நோன்பை முறிக்கும், இதில் கருத்து வேறுபாடு இல்லை. நோயாளியும் பயணியும் வேறு நாட்களில் நோற்கலாம் என்று சூரா பகராவின் 184ஆம், 185ஆம் வசனங்கள் சொல்கின்றன. "அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான்" என்பது அதே இடத்தில் வருவது. இந்த நோயுள்ள எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. சஹருக்கு ஒரு குளிசையோடு நாளைச் சமாளிக்க முடிந்தவர் நோன்பு நோற்க வேண்டும். கொஞ்சம் மறதியும் எரிச்சலும் மட்டும் இருந்தால் அது நோன்பை விடும் காரணம் ஆகாது. மருந்து இல்லாமல் தனக்கோ பிறருக்கோ தீங்கு வரும் நிலை என்று நம்பகமான வைத்தியர் சொன்னால் விடலாம், பிறகு வேறு நாளில் நோற்றுக் கழா செய்ய வேண்டும். வைத்தியர் முஸ்லிமாக இருக்க வேண்டுமா என்று கேட்பார்கள். தொழிலில் நேர்மையானவர், உங்கள் நிலை தெரிந்தவர் என்றால் அவர் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எந்த நாளிலும் கழா செய்ய முடியாத, குணமாகும் நம்பிக்கையும் இல்லாத நோயாளிக்கே ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவு கொடுப்பது). இந்த நோயில் அது அரிது.


உயர்தரம் பிள்ளை எழுதியது:

ஸலாம். எனக்கு இந்த நோய் இருக்கா தெரியாது, ஆனால் படிக்கும்போது கவனம் நிக்கிறதில்லை. பயோ படிக்கிறேன், சோதனை கிட்ட வருது. கூட்டாளி ஒருவனிடம் இந்தக் குளிசை இருக்கு, ஒன்றிரண்டு எடுத்துப் பார்க்கலாமா?


கொக்குவில் டொக்டர் எழுதியது:

கூடாது தம்பி. இருதயத்தில் உங்களுக்குத் தெரியாத கோளாறு இருந்தால் ஒரு குளிசையே ஆபத்து. கூட்டாளிக்கு எழுதியது கூட்டாளியின் நிறை, இரத்த அழுத்தம், வயது எல்லாம் பார்த்து எழுதியது. அவன் உங்களுக்குத் தருவது சட்டப்படியும் குற்றம். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் போதனா வைத்தியசாலைக்கோ தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலைக்கோ வந்து மனநலப் பிரிவில் காட்டுங்கள். காசு கட்டத் தேவையில்லை. யாரிடமாவது கதைக்க வேண்டும் போலிருந்தால் தேசிய மனநல உதவி எண் 1926, இரவு பகல் எப்போதும் எடுக்கலாம்.


புத்தளத்து ராத்தா எழுதியது:

மகன், டொக்டர் சொன்னதைக் கேளுங்கள். உம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் பள்ளிக்கூடத்தில் நம்பிக்கையான ஒரு ஆசிரியரிடம் முதலில் சொல்லுங்கள். தனியாக வைத்துக்கொண்டு திரிய வேண்டாம்.


நாவாந்துறை நானா எழுதியது:

எல்லாவற்றையும் வாசித்தேன். பெரியவர்களுக்கும் இவ்வளவு லேசாக மருந்து கொடுக்கலாமா என்ற யோசனை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். என் மருமகன் ஓட்டோ ஓடுகிறான். இதே நோய், இதே மருந்து. போன நோன்பில் மருந்தை விட்டுவிட்டு ஓடினான். ஐந்து சந்தியில் பஸ்ஸுக்குக் குறுக்கே திருப்பி, அல்லாஹ்தான் காப்பாற்றினான். பின்னால் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். இவன் நோன்பை விடலாமா, ஓட்டோவை விடலாமா?


மௌலவி வடபுலம் எழுதியது:

நானா, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகிறவருடைய கவனம் அவருக்கு மட்டும் சொந்தமான விசயம் இல்லை. "உங்கள் கைகளாலேயே அழிவில் விழாதீர்கள்" என்பது குர்ஆன். முதலில் வைத்தியரிடம் நேரத்தை மாற்ற முடியுமா பாருங்கள். சஹர் குளிசை நிற்கும் நேரத்தில் பள்ளிக்கூட ஓட்டத்தை முடித்துவிட்டு, அதன் வேலை முடிய முன்பே ஓட்டோவை நிறுத்த முடியுமென்றால் நோன்பும் இருக்கும், பிழைப்பும் இருக்கும். அது முடியாது, முழு நாளும் ஓடினால்தான் அடுப்பு எரியும், மருந்து இல்லாமல் ஓடுவது ஆபத்து என்று வைத்தியர் சொன்னால் அந்த நாட்களை விட்டுக் கழா செய்யட்டும். ஓட்டம் குறைந்த நாட்களில் நோற்கட்டும். வெளிப்படையாகச் சாப்பிட்டுக் கதை வாங்கத் தேவையில்லை. அவன் நோன்பை விட்டான் என்று பள்ளிவாசல் திண்ணையில் யாராவது பேசினால் என்னிடம் அனுப்புங்கள்.


நாவாந்துறை நானா எழுதியது:

ஜஸாக்கல்லாஹ். நாளைக்கே அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.


சோனகத்தெருப் பிள்ளை எழுதியது:

எல்லோருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். டொக்டர் சொன்னபடி வாப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அவர் நேராகவே கேட்டார், "இது பிள்ளையை அடிமையாக்குமா?" வைத்தியர் கொப்பியைத் திருப்பி என் நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் மூன்றும் ஒவ்வொரு வருகையிலும் எழுதியிருப்பதைக் காட்டினார். மருந்துத் துண்டில் எத்தனை குளிசை என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, பார்மசியில் எண்ணிக் கொடுப்பதையும் வாப்பா கூட நின்று பார்த்தார். வெளியே வந்ததும் "கண்ட கண்ட கையில் போகிற சாமான் இல்லை" என்றார். உம்மா இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் குளிசை எடுக்கும் நேரத்தில் தண்ணீர்க் கோப்பையை அவர்தான் கொண்டுவந்து தருகிறார்.

ரமழானுக்கு நீண்ட நேர வகையை இப்போதே தொடங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டால் சஹரில் அது. கிடைக்காமல் போனால் சஹருக்குச் சாதாரணக் குளிசை ஒன்று மட்டும். அலுவலகத்தில் கேட்டு, கூட்டல் கழித்தல் வேலையைக் காலைக்கும் கோப்பு அடுக்கும் வேலையைப் பின்னேரத்துக்கும் மாற்றியிருக்கிறேன். மேலாளர் தமிழ் அக்கா, காரணம் கேட்காமலே சரி என்றார்.

மௌலவி, உங்கள் பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் சில நாட்களில் எண்ணிக்கை தப்புகிறது. சஜ்தா செய்துவிட்டு எழும்புகிறேன், முந்தி மாதிரி அழுகை வருவதில்லை.


பொம்மைவெளி உம்மா எழுதியது:

இழை முடிகிற நேரத்தில் வந்து கேட்கிறேன். என் மகளும் இந்த மருந்து எடுக்கிறாள். நாங்கள் குடும்பமாக மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறோம். குளிசையைப் பையில் வைத்துக்கொண்டு போகலாமா?


மருந்தகத்தான் எழுதியது:

அப்படியே கொண்டுபோகாதீர்கள் அம்மா. சவூதியில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. புறப்பட முன்பே சவூதி உணவு மருந்து அதிகாரசபையின் இணையத்தளத்தில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வைத்தியரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். அதில் நோயின் பெயர், மருந்தின் வேதிப்பெயர், அளவு, எத்தனை நாட்களுக்கு என்பது இருக்க வேண்டும். தங்கும் நாட்களுக்கு வேண்டிய குளிசையை மட்டும், பார்மசி லேபலுடன் அதன் பெட்டியிலேயே, கைப்பையில் வையுங்கள். இடையில் துபாய், தோஹா போன்ற இடத்தில் விமானம் மாறினால் அந்த நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். உம்ரா முகவர்கள் பலருக்கு இது தெரியாது, "பிரச்சினை வராது" என்று சொன்னால் நம்பிப் போகவேண்டாம். கடிதத்திலும் துண்டிலும் மகளின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்களில் இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கிளினிக் கொப்பியில் வீட்டுப் பெயரை எழுதி வைத்திருப்பது நம் ஊரில் வழக்கம்.